ஊறுகாய் ஜாடியில் பிரைமர்

வாசகர் கேள்வி:

சார், ஹூஸ்டன் பக்கம் குடும்பத்தோடு இருக்கிறேன். கிரீன் கார்டு இருக்கிறது. வார இறுதியில் ரேஞ்சுக்குப் போய் .308 வின்செஸ்டர் ரைஃபிள் சுடுவது வழக்கம். ஊர் மாறிப் போன ஒரு பெரியவரிடமிருந்து சுட்ட தோட்டா உறைகளை மறுபடி நிரப்பும் ரீலோடிங் பிரெஸ்ஸும் சாமான்களும் மொத்தமாக வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் ஊறுகாய் ஜாடி ஒன்றில் பாதி அளவுக்கு, தோட்டாவைப் பற்றவைக்கும் உதிரி பிரைமர். பிரைமர் மட்டும் பொருத்திய பித்தளை உறைகள் நாற்பது போல இருக்கின்றன. அதில் ஐந்தாறில் பிரைமர் சாய்ந்தும் நசுங்கியும் கிடக்கிறது. முழுத் தோட்டாக்களும் கொஞ்சம் உண்டு, சிலவற்றில் பிரைமர் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்தால் பிரைமர் செத்துவிடும், அப்புறம் தட்டி எடுத்துவிடலாம் என்கிறார் மச்சான். துருத்தியதை பிரெஸ்ஸில் வைத்து அழுத்தினால் சரியாகிவிடுமாம். அவர் எச்-1பியில் இருக்கிறார், உதவிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் ஆறு வயதுப் பெண் குழந்தை. மனைவிக்கு இது எதுவுமே பிடிக்கவில்லை. அடுத்த மாதம் எல்லோரும் சென்னைக்குப் போகிறோம், அதற்குள் மேசையை ஒழுங்கு செய்துவிட நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

பதில்:

ஜாடியைத் தொடாமல் இருப்பதில் தொடங்குங்கள். மற்றதெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கும். ஜாடி காத்திருக்கக் கூடாது. எங்கே வைத்தீர்களோ அங்கேயே இருக்கட்டும். குலுக்காதீர்கள், எத்தனை இருக்கும் என்று கொட்டி எண்ணாதீர்கள், மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். மூடியின் மரைக்குள் ஒரு பிரைமரோ அதிலிருந்து உதிர்ந்த தூளோ சிக்கியிருந்தால், திருகுவதே போதும். அந்த அறையைப் பூட்டுங்கள். பிறகு உங்கள் ஊர்த் தீயணைப்புத் துறையின் அவசரமல்லாத தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டு, "பழைய ரீலோடிங் சாமான்களோடு ஒரு கண்ணாடி ஜாடியில் உதிரி பிரைமர்கள் வந்துவிட்டன, நான் நகர்த்தவில்லை, எடுத்துப்போக ஆள் வேண்டும்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அவர்களே வருவார்கள், அல்லது காவல்துறையின் வெடிபொருள் பிரிவுக்கு இணைப்பு கொடுப்பார்கள். நீங்களே காரில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம். குப்பைத் தொட்டியில் போடவும் வேண்டாம், குப்பை வண்டி அழுத்தித்தான் ஏற்றும். வீட்டு நச்சுக்கழிவு மையங்களில் பல இடங்களில் வெடிபொருளை வாங்குவதே இல்லை.

இவ்வளவு பதற்றம் எதற்கு என்று மச்சான் கேட்பார். அவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒரு தோட்டாவில் நான்கு சாமான்கள்: பித்தளை உறை, புல்லட், பவுடர், பிரைமர். உறையும் புல்லட்டும் வெறும் உலோகம். புகையில்லாப் பவுடர் திறந்த இடத்தில் பற்றவைத்தால் புஸ்ஸென்று எரியும், அவ்வளவுதான். அடைபட்டால்தான் அதற்கு வேகம். பிரைமர் அப்படியல்ல. அதற்கு அடைப்பும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம், ஓர் அடி போதும். வீட்டு மேசையில் நீங்கள் கையாளும் பொருள்களில் தட்டினாலே வெடிப்பது அது ஒன்றுதான்.

உள்ளே இருப்பது என்னவென்றால், ஒரு சின்ன உலோகக் கிண்ணம், அதன் அடியில் பசைபோலத் தடவி உலர்த்திய வெடிக்கலவை, அதற்கு மேல் ஆன்வில் எனப்படும் குட்டித் தகடு. துப்பாக்கியின் ஃபயரிங் பின் என்ற ஊசி கிண்ணத்தின் முதுகில் அடிக்கும்போது கலவை ஆன்விலுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே நசுங்கித் தீப்பிடிக்கிறது. தீபாவளிக்குப் பொம்மைத் துப்பாக்கியில் போடும் சுருள் கேப் மாதிரிதான் வேலை, வீரியம்தான் எங்கேயோ. இன்றைய வழக்கமான பிரைமர்களில் முக்கிய வெடிபொருள் லெட் ஸ்டிஃப்னேட். கூடவே டெட்ரசீன், பேரியம் நைட்ரேட், ஆன்டிமனி சல்ஃபைடு. லெட் ஸ்டிஃப்னேட்டுக்கு அடியும் ஆகாது, உரசலும் ஆகாது, சூடும் ஆகாது, நிலைமின்சாரப் பொறியும் ஆகாது.

அப்படியானால் கடையில் ஆயிரம் ஆயிரமாக எப்படி விற்கிறார்கள்? பெட்டியின் புண்ணியம். தொழிற்சாலை அட்டைப்பெட்டியைத் திறந்து பாருங்கள். நூறு பிரைமருக்கு ஒரு தட்டு. ஒன்றோடு ஒன்று முட்டாதபடி வைத்திருப்பார்கள். பத்துத் தட்டு சேர்ந்தால் ஆயிரம். ஃபெடரல் நிறுவனத்தின் பெட்டி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருப்பதும் இந்த இடைவெளிக்காகத்தான். அந்தப் பெட்டியில் ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதற்குப் பரவுவது கடினம். அதனால்தான் போக்குவரத்து விதிகளில் பிரைமருக்கு 1.4எஸ் என்ற வகுப்பு கிடைக்கிறது. விபத்து நடந்தாலும் விளைவு பொதியோடு நின்றுவிடும் என்பது அதன் பொருள். அந்த நற்சான்றிதழ் பிரைமருக்கும் பெட்டிக்கும் சேர்த்துத் தரப்பட்டது. பெட்டியிலிருந்து கொட்டி ஜாடியில் நிரப்பிய கணத்தில் அது காலாவதி. இப்போது ஒன்று வெடித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் வெடிக்கும். ஜாடியே கண்ணாடிச் சில்லாகப் பறக்கும். அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான சாமி (SAAMI) பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எச்சரிக்கும் விஷயம் இதுதான்: பிரைமரை மொத்தமாக ஒரு பாத்திரத்தில் போடாதீர்கள்.

"நல்ல பிரைமர்தானே, பொறுக்கி எடுத்துப் பயன்படுத்தலாமே" என்ற எண்ணமும் வரும். வேண்டாம். அது ரைஃபிள் பிரைமரா பிஸ்டல் பிரைமரா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பெரிய ரைஃபிள் பிரைமருக்கும் பெரிய பிஸ்டல் பிரைமருக்கும் விட்டம் ஒன்றே, 0.210 அங்குலம். உயரத்தில்தான் ஆயிரத்தில் சில பங்கு அங்குலம் வித்தியாசம். பிஸ்டல் பிரைமரின் கிண்ணம் மெல்லியது, ரைஃபிளின் அழுத்தத்துக்கு அது தாங்காது. ஒரு பிரைமர் சில சென்ட் விலை. அதைக் காப்பாற்றுவதற்காக விரலையோ கண்ணையோ பணயம் வைப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. ரீலோடிங் வகுப்பில் நான் முதல் மணி நேரத்தில் சொல்வதும் இதுவே: சந்தேகமான பிரைமரை மீட்டெடுக்க நினைக்காதீர்கள்.

இனி உறைகள். பிரைமர் மட்டும் பொருத்திய நாற்பதில் நேராக, சமமாக இறங்கியிருப்பவற்றைத் தனியே பிரியுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக. அடிப்பகுதியில் .308 வின்செஸ்டர் என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்து, பவுடர் ஒரு துகள்கூட இல்லை என்று உறுதி செய்யுங்கள். இவற்றைப் பிரைமரில்லா உறையாக ஆக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, ரேஞ்சுக்குக் கொண்டுபோய் உங்கள் ரைஃபிளிலேயே சுட்டுவிடுவது. புல்லட்டும் இல்லை, பவுடரும் இல்லை. பிரைமர் மட்டும் வெடிக்கும். வெடிப்புக்காகவே செய்யப்பட்ட இடத்திலேயே, எஃகு அறைக்குள், அதை அடைக்கும் போல்ட் மூடியிருக்கும்போது அது நடக்கிறது. முன்கூட்டியே ரேஞ்ச் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் அனுமதிக்க மாட்டார்கள். காது மூடி கட்டாயம்; வெறும் பிரைமர்தானே என்று நினைத்தால் சத்தம் உங்களை ஏமாற்றிவிடும். துப்பாக்கி முனை வழக்கம்போல இலக்கை நோக்கி மட்டும். ட்ரிகர் இழுத்தும் வெடிக்காவிட்டால், முனையை நகர்த்தாமல் அரை நிமிடமாவது பொறுத்து அப்புறம் போல்ட்டைத் திறங்கள்.

ஒரு விஷயம் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன், பார்த்துப் பயந்துவிடக் கூடாது. இப்படிச் சுட்ட உறையை வெளியே எடுத்தால் பிரைமர் கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்கும். முழுத் தோட்டாவில் பவுடரின் அழுத்தம் உறையைப் போல்ட் முகத்தோடு சேர்த்து அறைந்து பிரைமரை மறுபடி உள்ளே உட்கார வைக்கும். இங்கே அந்த அழுத்தம் இல்லாததால் வெளியே வந்தது வந்தபடியே நிற்கிறது. துப்பாக்கியில் கோளாறு இல்லை. எல்லாம் முடிந்ததும் குழலைச் சுத்தம் செய்யுங்கள், அத்தனை பிரைமரின் கரியும் உள்ளே படிந்திருக்கும்.

சாய்ந்தும் நசுங்கியும் இருக்கும் ஐந்தாறு உறைகளை இப்படிச் சுட முடியாது, போல்ட் மூடாது. மூட வைக்கிறேன் என்று அழுத்தினால் அந்த அழுத்தமே அடியாகிவிடும். அவற்றையும் ஜாடியை எடுக்க வருபவர்களிடமே கொடுத்துவிடுங்கள். உயிருள்ள பிரைமரை டி-கேப்பிங் டையால் மெதுவாகத் தள்ளி எடுப்பவர்கள் இருக்கிறார்கள், அது எனக்குத் தெரியாததல்ல. பெரும்பாலும் ஒன்றும் ஆகாமல் வந்தும் விடுகிறது. ஆனால் அந்த "பெரும்பாலும்" என்ற சொல்லின்மேல் உங்கள் கையை வைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. அதிலும் உங்களிடம் இருப்பது ஏற்கெனவே நசுங்கியது. கலவை உடைந்து தூளாகியிருக்கலாம், ஆன்வில் கலவைக்குள் குத்திக்கொண்டிருக்கலாம். இராணுவ உறையாக இருந்தால் பிரைமரைச் சுற்றி விளிம்பு இறுக்கிக் கிரிம்ப் செய்யப்பட்டிருக்கும். அதை வெளியே தள்ள இன்னும் அதிக விசை வேண்டும். ஐந்து உறையின் விலை உங்களுக்குத் தெரியும். விட்டுவிடுங்கள்.

எண்ணெய் வைத்தியத்தைப் பற்றி மச்சானிடம் நேரடியாகவே சொல்லுங்கள்: எண்ணெய் பிரைமரை நம்பகமாகக் கொல்லாது. இன்றைய பிரைமரில் கலவைக்கு மேல் வார்னிஷ் பூச்சோ மெல்லிய காகிதமோ இருக்கும். எண்ணெயில் ஊறியவற்றில் சில வெடிக்காது, சில பாதி வெடிக்கும், சில ஒன்றும் நடக்காததுபோல முழுதாக வெடிக்கும். தண்ணீரும் அப்படித்தான், காய்ந்தால் பலவற்றுக்கு உயிர் திரும்பும். ஆபத்து எண்ணெயில் இல்லை, எண்ணெய் ஊற்றியவருக்கு வரும் தைரியத்தில் இருக்கிறது. செத்துவிட்டது என்று நம்பி ஆணியும் சுத்தியலுமாக உட்கார்கிறார்களே, அதுதான் ஆபத்து.

முழுத் தோட்டாக்களுக்கு என் பதில் சுருக்கம். இன்னொருவர் வீட்டில் நிரப்பிய தோட்டாவை உங்கள் துப்பாக்கியில் போடாதீர்கள், அந்தப் பெரியவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. எந்தப் பவுடர், எவ்வளவு எடை என்பது அவருக்கு மட்டுமே தெரியும். துருத்திய பிரைமரைத் தோட்டாவிலேயே வைத்து அழுத்துவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கீழே வெடிக்கக்கூடிய பிரைமர், நடுவில் பவுடர், மேலே புல்லட், எதிரே உங்கள் முகம். சுத்தியல் போல அடித்து புல்லட்டைக் கழற்றும் கருவி அந்தப் பெட்டியில் இருந்தால், துருத்திய பிரைமர் உள்ள தோட்டாவுக்கு அதையும் பயன்படுத்தாதீர்கள். அந்தத் தோட்டாக்களும் வருபவர்களோடு போகட்டும். பெயர் ஒட்டாத டப்பாவில் பவுடர் இருந்தால் அதுவும் உங்களுக்கு வேண்டாம், அதைப் பற்றியும் அவர்களிடமே கேளுங்கள்.

துருத்திய பிரைமரைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிரைமரின் முதுகு உறையின் அடிப்பகுதியைவிட ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு அங்குலம் உள்வாங்கி இருக்க வேண்டும். அதைவிட மேலே நின்றால் இரண்டு கெடுதல். போல்ட் ரைஃபிளில் முதல் அடி பிரைமரைக் கீழே தள்ளுவதிலேயே வீணாகி வெடிக்காமல் போகும். அரைத்தானியங்கி ரைஃபிளில் நிலைமை மோசம். எம்1 காரண்ட், எம்1ஏ, எஸ்கேஎஸ், ஏஆர்-15 போன்றவற்றில் ஃபயரிங் பின் தளர்வாக மிதந்துகொண்டிருக்கும். போல்ட் வேகமாக மூடும்போது அது பிரைமரை லேசாகத் தொடும். பிரைமர் துருத்தியிருந்தால் போல்ட் முழுதாகப் பூட்டுமுன்பே, ட்ரிகரைத் தொடாமலே தோட்டா வெடிக்கலாம். ஸ்லாம் ஃபயர் என்பது இதுதான். இந்த வகை ரைஃபிள்களுக்கென்றே உணர்திறன் குறைந்த இராணுவத் தரப் பிரைமர்களை விற்கிறார்கள். சிசிஐ நிறுவனத்தின் 34, 41 எண்கள் அவைதான், முதலாவது பெரிய அளவு, அடுத்தது சிறிய அளவு.

சரி, மேசை சுத்தமாகி, புதுப் பெட்டி பிரைமரோடு நீங்களே உட்காரும் நாள் வரும். அன்றைக்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

பெரியவரின் பழைய சாதனங்களில் பிரைமர் தொட்ட எந்தப் பகுதியையும் அப்படியே பயன்படுத்தாதீர்கள். பிரைமர் பொருத்தும் இடம், குழாய், தட்டு எல்லாவற்றிலும் கலவைத் தூள் மெல்லப் படியும். கண்ணுக்குப் பழுப்பு அழுக்குப் போலத்தான் தெரியும். ஈரத் துணியால் துடைத்து, கழற்ற முடிந்ததைக் கழுவிக் காயவையுங்கள். ஊதாதீர்கள், உலர் பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். தரையில் பிரைமர் உருண்டிருந்தால் குனிந்து கையால் எடுங்கள். வேக்குவம் கிளீனர் வேண்டவே வேண்டாம், உள்ளே சுழலும் மோட்டாரிடம் ஒரு பிரைமர் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பெட்டியில் நீளமான உலோகக் குழாய் ஒன்று இருந்தால், அது பிரைமர்களை வரிசையாக அடுக்கும் மேகசின். நூறு பிரைமர், ஒன்றன்மேல் ஒன்று, இடைவெளியே இல்லாமல். கீழே ஒன்று நசுங்கினால் மொத்தக் குழாயும் மேல்நோக்கி வெடிக்கும். டில்லன் போன்ற நிறுவனங்கள் தங்கள் பிரெஸ்ஸில் அந்தக் குழாயைச் சுற்றி எஃகு உறை போடுவது சும்மா இல்லை. புதிதாகத் தொடங்கும் உங்களுக்குக் குழாயே வேண்டாம். ஒரு கைப்பிரைமர் கருவியோ பிரெஸ்ஸின் ஒற்றைப் பிரைமர் கரமோ போதும். கைப்பிரைமரின் தட்டில் அப்போதைக்குத் தேவையான சிலவற்றை மட்டும் வையுங்கள். சில கருவிகளுக்கு எந்த நிறுவனத்தின் பிரைமர் ஆகும், எது ஆகாது என்று தயாரிப்பாளர் தெளிவாக எழுதியிருப்பார். அந்தக் காகிதத்தைத் தேடிப் படியுங்கள்.

பொருத்தும்போது கை சொல்வதைக் கேளுங்கள். பிரைமர் மென்மையான ஓர் எதிர்ப்போடு இறங்கி, அடியில் நின்றுவிட்டதை விரலில் உணர்த்தும். இறங்க மறுத்தால் நிறுத்துங்கள். ஒன்று அது சாய்ந்திருக்கிறது, அல்லது பள்ளத்தில் பழைய கரி இருக்கிறது, அல்லது இராணுவ உறையின் கிரிம்ப் விளிம்பு இன்னும் நீக்கப்படவில்லை. 7.62 நேட்டோ என்ற இராணுவ உறையை .308க்குப் பயன்படுத்துபவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது இந்த மூன்றாவதில்தான். விளிம்பை முதலில் அழுத்தித் தள்ளியோ (ஸ்வேஜ்) ரீமரால் சீவியோ எடுக்க வேண்டும். நெம்புகோலில் கூடுதலாகத் தொங்கி ஒரு பிரைமரை இறக்குகிறீர்கள் என்றால், நீங்கள் செய்வது பொருத்துவதல்ல, நசுக்குவது. ஒவ்வொன்றையும் முடித்ததும் விரல் நுனியால் அடியைத் தடவிப் பாருங்கள். துருத்தல் இருந்தால் கண்ணுக்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். அரைகுறையாக இறங்கியதைப் பவுடர் போடுவதற்கு முன்பே ஒதுக்கிவிடுங்கள்.

கண்ணாடி என்று மேலே சொன்னது மூக்குக் கண்ணாடியை அல்ல. இசட்87.1 தரக் குறி பொறித்த பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். ஒரே ஒரு பிரைமர் கையருகே வெடித்தால் கிண்ணமும் ஆன்விலும் துண்டுகளாகப் பறக்கும், அவை முதலில் தேடுவது கண்ணைத்தான். முகம் எப்போதும் கருவிக்கு நேர் மேலே இருக்கக் கூடாது. பிரைமர் வேலை நடக்கும் மேசையில் பவுடர் டப்பா திறந்திருக்கக் கூடாது, அது வேறு நேரத்து வேலை.

நிலைமின்சாரத்தை ஹூஸ்டனில் இருப்பவர்கள் பெரிதாக நினைப்பதில்லை, காற்றில் ஈரம் அதிகம் என்பதால். ஆனால் நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் காற்று உலர்ந்துதான் இருக்கும். கார்பெட் விரித்த அறையில், பாலியெஸ்டர் சட்டையோடு உட்கார வேண்டாம். பருத்திச் சட்டை போடுங்கள். உட்காருமுன் பிரெஸ்ஸின் வெற்று உலோகத்தைத் தொட்டு உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிடுங்கள். பிரெஸ்ஸுக்கு ஒரு தரைக் கம்பி இணைப்பது இன்னும் நல்லது.

உங்கள் மகளைப் பற்றி. பிரைமர் வெடிப்பதைவிட ஓசையில்லாமல் நடக்கும் கேடு ஒன்று இருக்கிறது, அது ஈயம். சுட்ட பிரைமரின் கரியில் ஈயம் இருக்கிறது. சுட்ட உறைகளை உலர்ந்த சோளத் துகளில் போட்டுச் சுழற்றிச் சுத்தம் செய்யும்போது அது தூசியாகக் கிளம்பும். குழந்தையின் உடல் ஈயத்தைப் பெரியவர்களைவிட அதிகமாக உறிஞ்சும், மூளை வளரும் வயதில் அதன் பாதிப்பு திரும்பச் சரியாகாது. அதனால் உறை சுத்தம் செய்வது வீட்டுக்குள் வேண்டாம். எஃகு ஊசிகளோடு தண்ணீரில் சுழற்றும் முறை தூசி கிளப்பாது, நீங்கள் அதை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீர் சமையலறைத் தொட்டிக்குப் போகக் கூடாது. மேசையில் டீ, முறுக்கு எதுவும் கூடாது. எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்றிய பிறகு குழந்தையைத் தூக்குங்கள். அந்தத் துணிகளைத் தனியாகத் துவையுங்கள். மனைவிக்குப் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஜாடியை எடுத்துப்போக ஆள் வரும்போது அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள், பூட்டின் சாவி எங்கே இருக்க வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்யட்டும்.

பூட்டு என்றதும் துப்பாக்கி வைக்கும் எஃகுப் பெட்டி நினைவுக்கு வரும். பிரைமரை அதில் வைக்காதீர்கள். தீப்பிடித்தால் காற்றுப் புகாத இரும்புப் பெட்டிக்குள் அழுத்தம் சேர்ந்து அதுவே வெடிகுண்டாகிவிடும். தடித்த மரப்பலகையாலான, பூட்டுள்ள அலமாரி வேண்டும். அழுத்தம் வந்தால் மரம் விட்டுக்கொடுக்கும். தொழிற்சாலைப் பெட்டியிலிருந்து மாற்றாமல், பவுடரோடு சேர்க்காமல், குளிர்ந்த உலர்ந்த அறையில். டெக்சஸ் கோடையில் கராஜ் அதற்கான இடமல்ல. அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 495 எண் விதித்தொகுப்பு ஒரு வீட்டில் 10,000 பிரைமர் வரை வைத்துக்கொள்ள இடம் தருகிறது. நகர விதியும் வாடகை ஒப்பந்தமும் அதைவிடக் குறைவாகச் சொல்லியிருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஆயிரம் போதும்.

மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். அவரை அந்த மேசைப் பக்கமே விடாதீர்கள். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. செல்லத்தக்க வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. பலருக்குத் தெரியாதது என்னவென்றால், அதே சட்டத்தில் தோட்டா என்பதன் வரையறைக்குள் வெற்று உறை, பிரைமர், புல்லட், பவுடர் எல்லாமே தனித்தனியாக அடங்கும். கையில் ஒரு தட்டு பிரைமர் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது தோட்டாதான். உதவி செய்யப்போய் அவருடைய விசாவும் எதிர்காலமும் சிக்கலாகிவிடக் கூடாது. ஏற்கெனவே ஏதாவது தொட்டிருந்தால், ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் அவர் தனியாகப் பேசிக்கொள்வது நல்லது. கிரீன் கார்டு உள்ள உங்களுக்கு அந்தத் தடை இல்லை. உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு நிரப்ப உரிமமும் தேவையில்லை. நண்பர்களுக்கு விற்கத் தொடங்கினால் கதை வேறு, அதற்குக் கூட்டாட்சி உரிமம் வேண்டும்.

கடைசியாகச் சென்னைப் பயணம். பிரைமரும் பவுடரும் விமானத்தில் எந்தப் பையிலும் கூடாது, கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. பையின் மூலையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவுக்காக விமான நிலையத்திலேயே வழக்குப் பதிவாகிக் குடும்பத்தோடு நின்றவர்கள் உண்டு. ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பை, ஜாக்கெட், செருப்புப் பை எதையும் ஊருக்கு எடுத்துப் போகாதீர்கள். பயணப் பெட்டிகளை அந்த அறையில் வைத்து அடுக்கவும் வேண்டாம். ஜாடி வீட்டைவிட்டுப் போன பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நேராக இருக்கும் உறைகளை ரேஞ்சில் முடித்துவிட்டு, நீங்கள் வாங்கப்போகும் பிரைமரையும் பவுடரையும் பற்றி அப்போது பேசுவோம்.